ஃபிட்ஸ்ராய் கால்பந்து கிளப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிட்ஸ்ராய் கிளப் 1996-லேயே மூடப்பட்டுவிட்டது என்கிறார்களே. இன்னுமா ஆடுகிறார்கள்?

ஆடுகிறார்கள். 1996-ல் பறிபோனது ஏ.எஃப்.எல். எனும் தேசிய லீக்கில் கிளப்புக்கு இருந்த இடம். சட்டப்படி பதிவான ஃபிட்ஸ்ராய் கால்பந்து கிளப் ஒருபோதும் கலைக்கப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் சொந்த அணி இல்லாமல் பெயரளவில் உயிரோடு இருந்தது. 2009-ல் மெல்பர்னின் அமெச்சூர் போட்டிகளில் மறுபடி களமிறங்கியது. இன்று அதன் ஆட்டங்கள் நடப்பது பிரன்ஸ்விக் தெரு ஓவலில். 1884 முதல் 1966 வரை அந்தக் கிளப் ஆடிய அதே மைதானம்தான்.

ஆஸ்திரேலியக் கால்பந்தின் உச்சத்தில் எட்டுப் பட்டங்கள் வென்ற ஒரு கிளப், இப்போது ஒரு காசு சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களோடு பேட்டைப் பூங்காவில் ஆடுகிறது. அது எப்படி நேர்ந்தது என்பதைத்தான் கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை சொல்கின்றன.

நான் இந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. கொஞ்சம் விளக்க முடியுமா?

கால்பந்து என்று பெயர் இருந்தாலும் நாம் அறிந்த கால்பந்தோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம். உள்ளூரில் இதன் செல்லப்பெயர் ஃபுட்டி. மைதானம் கிரிக்கெட் மைதானம் போல முட்டை வடிவம். பந்தும் முட்டை வடிவம்தான். ஒரு பக்கத்துக்கு 18 பேர் களத்தில் இருப்பார்கள். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மறுகையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எறியக் கூடாது. உதைத்து வரும் பந்தைக் காற்றிலேயே பிடித்துவிட்டால் அதற்கு மார்க் என்று பெயர்; பிடித்தவருக்கு யாரும் குறுக்கிடாமல் உதைக்கும் உரிமை கிடைக்கும். எதிராளியின் முதுகில் முழங்கால் ஊன்றி எழும்பிப் பந்தைப் பறிப்பதைப் பார்த்தால் மிரண்டுபோவீர்கள். ஆனால் அது விதிக்கு உட்பட்டதே.

இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. நடுக் கம்பத்துக்கும் அதை அடுத்த ஓரக் கம்பத்துக்கும் இடையே போனால் பிஹைண்ட், 1 புள்ளி. 36.22 (238) என்று எழுதியிருந்தால் 36 கோல், 22 பிஹைண்ட், மொத்தம் 238 என்று பொருள். இந்த எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. அது ஃபிட்ஸ்ராயின் எண், கீழே வரும்.

ஃபிட்ஸ்ராய் என்பது ஊரா?

மெல்பர்ன் நகர மையத்தை ஒட்டி, அதன் வடகிழக்கில் இருக்கும் புறநகர். மெல்பர்னின் முதல் புறநகர் என்று சொல்லப்படுவது. பரப்பு சுமார் 1.4 சதுர கிலோமீட்டர்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாவகாசமாக நடந்தே போய்விடலாம். கிழக்கே ஸ்மித் தெருவைத் தாண்டினால் கோலிங்வுட். அங்கே இன்னொரு கிளப், பரம்பரைப் பகை. மேற்கே கார்ல்டன், அங்கேயும் ஒன்று. ஒரு காலத்தில் தொழிற்சாலைகளும் நெருக்கடியான குடியிருப்புகளும் கொண்ட ஏழைப் பேட்டை. போருக்குப் பின் இத்தாலியர், கிரேக்கர் என்று குடியேறிகள் வந்தார்கள். இப்போது காப்பிக் கடைகளும் எட்டாத வீட்டு விலையும். மைதானம் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம், வடக்கு ஃபிட்ஸ்ராயின் எடின்பரோ பூங்காவில் இருக்கிறது.

இத்தனை சின்னப் பேட்டையில் ஒரு பெரிய கிளப் உருவானதுதான் இந்தக் கதையின் அழகு. பிற்பாடு கழுத்தில் சுருக்காக விழுந்ததும் அந்தச் சிறுமைதான்.

கிளப் எப்போது தொடங்கியது?

1883-ல். மறு ஆண்டே விக்டோரியா கால்பந்து சங்கத்தில் சேர்ந்தது, 1895-ல் அதன் பட்டத்தை வென்றது. மைதானத்தில் இன்றும் நிற்கும் மரத்தாலான பார்வையாளர் மாடம் 1888-ல் கட்டியது. இப்போது பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம்.

சங்கத்தில் வலுவாக இருந்த எட்டு கிளப்புகள் பிரிந்துபோய் 1897-ல் விக்டோரியா கால்பந்து லீக்கை, அதாவது வி.எஃப்.எல்.லை, ஆரம்பித்தன. ஃபிட்ஸ்ராய் அந்த எட்டில் ஒன்று. 1898-ல் எஸ்ஸெண்டனை வீழ்த்திப் பட்டம். 1899-ல் தெற்கு மெல்பர்னை 27-க்கு 26 என்று ஒரே புள்ளியில் வென்று மறுபடியும் பட்டம். 1904, 1905 இரண்டிலும் பட்டம். அந்த இரண்டு அணிகளிலும் ஆடிய ஜோ ஜான்சன், வி.எஃப்.எல்.லில் ஆடிய முதல் பழங்குடி ஆட்டக்காரராக அறியப்படுகிறார். அதற்குப் பிறகு 1913, 1916, 1922, 1944. மொத்தம் எட்டு.

1916-ல் கடைசி இடத்தில் இருந்துகொண்டே பட்டம் வென்றார்களாமே. கட்டுக்கதையா?

நடந்த கதைதான். முதல் உலகப் போர் காரணமாகப் பல கிளப்புகள் ஒதுங்கிவிட, அந்த ஆண்டு ஆடியவை நான்கே அணிகள்: கார்ல்டன், கோலிங்வுட், ரிச்மண்ட், ஃபிட்ஸ்ராய். பட்டியலின் முதல் நான்கு இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் இறுதிச் சுற்று. இருந்ததே நான்கு பேர்! ஆகவே 12 ஆட்டங்களில் இரண்டே வெற்றியும் ஒரு சமனும் பெற்றுக் கடைசியில் கிடந்த ஃபிட்ஸ்ராயும் உள்ளே போனது. போனவர்கள் அங்கே தோற்கவே இல்லை. கார்ல்டனை வீழ்த்திப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரே பருவத்தில் கடைசி இடமும் பட்டமும் பெற்ற அணி லீக் வரலாற்றில் இது ஒன்றுதான். கேலி செய்பவர்கள் இதைத்தான் முதலில் எடுப்பார்கள். ஃபிட்ஸ்ராய்க்காரர்களும் இதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

அமெச்சூர் என்றால் சரியாக என்ன? ஆட்டக்காரருக்குப் பணமே கிடையாதா?

கிடையாது. விக்டோரியா அமெச்சூர் கால்பந்து சங்கத்தின் அடிப்படை விதியே அதுதான். 1892-ல் வேறு பெயரில் தொடங்கிய சங்கம் அது. இப்போதைய பெயர் 1933-லிருந்து. மெல்பர்னின் மற்ற புறநகர் லீக்குகளிலும் கிராமத்து லீக்குகளிலும் நல்ல ஆட்டக்காரருக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பது சகஜம். இங்கே ஆட்டக்காரர்தான் கிளப்புக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுவார். பல கிளப்புகள் பழைய மாணவர் அணிகள், தனியார் பள்ளிகளையும் பல்கலைக்கழகத்தையும் சார்ந்தவை. பிரிவுகள் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். வென்றால் மேலே, தோற்றால் கீழே. தேசிய லீக்கில் இந்த ஏற்றமும் இறக்கமும் கிடையாது.

அமெச்சூர் என்றவுடன் ஆட்டம் மந்தமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். மேல் பிரிவுகளில் மோதல் கடுமையாகவே இருக்கும்.

அந்தக் காலத்து ஃபிட்ஸ்ராய் ஆட்டக்காரர்களும் பணம் வாங்காமல்தான் ஆடினார்களா?

ஏட்டில் அப்படித்தான். ஆரம்பக் காலத்தில் வி.எஃப்.எல். முழுவதுமே பெயருக்கு அமெச்சூர். மேசைக்கு அடியில் பணம் கைமாறுவது ஊரறிந்த ரகசியம். 1911-ல் லீக் அதை வெளிப்படையாக அனுமதித்தது. அப்போது லீக்கில் இருந்த மெல்பர்ன் பல்கலைக்கழக அணி மட்டும் பணம் கொடுக்க மறுத்து, அதன்பின் தொடர்ந்து 51 ஆட்டங்கள் தோற்று, 1914-ன் முடிவில் வெளியேறியது. கொள்கை நல்லதுதான், பட்டியலில் அதற்குப் புள்ளி கிடையாது.

1930-ல் கோல்ட்டர் சட்டம் வந்தது: ஓர் ஆட்டத்துக்கு ஒருவருக்கு 3 பவுண்டுக்கு மேல் தரக் கூடாது, வேறு எந்த ஆசையும் காட்டக் கூடாது. அதில் முதலில் சிக்கிய பெரிய மீன் ஃபிட்ஸ்ராயின் ஹேடன் பண்டன். ஆல்பரியிலிருந்து வந்த இளைஞன். இவனைப் பிடிக்கப் பல கிளப்புகள் போட்டி போட்டன. ஃபிட்ஸ்ராய் சுமார் 222 பவுண்ட் கொடுத்தது அம்பலமாக, 1930 பருவம் முழுவதும் ஆடத் தடை. 1931-ல் களமிறங்கினார். அந்த ஆண்டே லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம். 1932-ல் மறுபடி, 1935-ல் மூன்றாம் முறை. 222 பவுண்ட் வீண் செலவு என்று யாரும் சொல்லவில்லை.

அதே பத்தாண்டில் வில்ஃப்ரெட் ஸ்மால்ஹார்ன் 1933-லும், டின்னி ரையன் 1936-லும் ஃபிட்ஸ்ராய்க்காகப் பிரவுன்லோ வாங்கினார்கள். ஆறு ஆண்டில் ஐந்து பதக்கம், பட்டம் ஒன்றுகூட இல்லை. ஸ்மால்ஹார்ன் பின்பு இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாகி, தாய்லாந்து–பர்மா ரயில் பாதையில் உழைத்து உயிரோடு திரும்பியவர்.

டக் நிக்கல்ஸ் யார்? ஏன் அவர் பெயர் அடிக்கடி வருகிறது?

நியூ சவுத் வேல்ஸின் கம்மரகஞ்சா பழங்குடிக் குடியிருப்பில் 1906-ல் பிறந்தவர். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், வேகம் அசாத்தியம். 1927-ல் கார்ல்டனில் இடம் கேட்டுப் போனார். அவர் உடம்பில் நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி, தசை பிடித்துவிடும் உதவியாளர்கள் அவரைத் தொட மறுத்தார்கள். வெளியே வந்துவிட்டார். நார்த்கோட் கிளப்பில் சில ஆண்டுகள் ஆடிப் பேர் வாங்கியபின் 1932-ல் ஃபிட்ஸ்ராய்க்கு வந்தார்.

வந்த புதிதில் உடை மாற்றும் அறையில் அவர் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார் என்றும், பண்டன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார் என்றும் சொல்வார்கள். லீக்கின் மிகப் பெரிய நட்சத்திரம் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் என்ன செய்ய முடியும்? 1937 வரை ஆடினார். 1935-ல் விக்டோரியா மாநில அணிக்கும் தேர்வானார்.

ஆட்டம் முடிந்த பிறகுதான் அவர் வாழ்க்கை ஆரம்பிக்கிறது என்பது என் எண்ணம். ஃபிட்ஸ்ராயில் பழங்குடி மக்கள் பெருமளவில் வாழ்ந்த காலம் அது. கோர் தெருத் தேவாலயத்தில் பாதிரியாராக இருந்தார். உரிமைப் போராட்டங்களில் முன்னின்றார். 1972-ல் சர் பட்டம். பழங்குடியினரில் அதைப் பெற்ற முதல் மனிதர். 1976-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர். இன்று ஏ.எஃப்.எல். ஆண்டுதோறும் பழங்குடிப் பண்பாட்டைப் போற்றி நடத்தும் சுற்றுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கார்ல்டன் உட்பட எல்லா அணிகளும் அதில் ஆடுகின்றன.

1944-க்குப் பிறகு ஏன் பட்டமே இல்லை?

1944-ல் ஃப்ரெட் ஹியூசன் தலைவரும் பயிற்சியாளருமாக இருந்து ரிச்மண்டை 15 புள்ளியில் வீழ்த்தினார். நடந்த இடம் ஜங்ஷன் ஓவல். 1898-ன் முதல் பட்டமும் அங்கேதான் கிடைத்தது. அதன்பின் மெல்ல மெல்லச் சரிவு.

காரணம் ஒன்றல்ல. அப்போது ஒவ்வொரு கிளப்பும் தனக்கென ஒதுக்கப்பட்ட வட்டாரத்திலிருந்துதான் ஆட்டக்காரரைச் சேர்க்க வேண்டும். உள்நகர வட்டாரங்களில் இளங்குடும்பங்கள் தூரத்துப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தன. புதிதாக வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆடியது நாம் அறிந்த கால்பந்தை. சுற்றிலும் போட்டிக் கிளப்புகள். பணமும் இல்லை.

1963-ல் ஒரே ஒரு வெற்றி, 1964-ல் அதுவும் இல்லை. அந்த ஒற்றை வெற்றியைச் சொல்லாமல் விட முடியாது. எதிரணி ஜீலாங், அந்த ஆண்டின் பட்டத்தை வெல்லப்போகிற அணி. ஃபிட்ஸ்ராயின் தலைவரும் பயிற்சியாளருமான கெவின் மர்ரே மாநில அணிக்காக ஆடப் போயிருந்தார். ஜீலாங்கிலும் சில பேர் இல்லை என்றாலும், பிரன்ஸ்விக் தெருவில் கூடியிருந்தவர்கள் யாரும் வெற்றியை எதிர்பார்த்து வந்திருக்க மாட்டார்கள். வென்றார்கள். இன்றுவரை அதற்கு அதிசய ஆட்டம் என்றே பெயர்.

மர்ரே ஃபிட்ஸ்ராய்க்காக 333 ஆட்டங்கள் ஆடியவர், 1969-ன் பிரவுன்லோ அவருக்கு. கிளப் தோற்றுக்கொண்டே இருந்த காலத்தில் அவர் ஆடியதை வயதானவர்கள் சொல்லிக் கேட்க வேண்டும்.

சொந்த மைதானத்தை ஏன் விட்டுப் போனார்கள்?

பழைய வசதிகளைப் புதுப்பிப்பது யார், உரிமை யாருக்கு என்று எழுந்த தகராறு தீரவில்லை. 1966-தான் அங்கே கடைசிப் பருவம். பிறகு தொடங்கியது நாடோடி வாழ்க்கை: 1967-லிருந்து கார்ல்டனின் பிரின்சஸ் பார்க், 1970-லிருந்து ஜங்ஷன் ஓவல், 1985-லிருந்து இரண்டு ஆண்டு விக்டோரியா பார்க், 1987-லிருந்து மறுபடி பிரின்சஸ் பார்க், 1994-லிருந்து ஃபுட்ஸ்கிரேயின் வெஸ்டர்ன் ஓவல். 1991, 1992-ல் சில உள்ளூர் ஆட்டங்களைக் கடல் தாண்டி டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் போய் ஆடினார்கள். விக்டோரியா பார்க் என்பது பரம வைரியான கோலிங்வுட்டின் வீடு. பகையாளி வீட்டுத் திண்ணையில் ஒண்டிக்குடித்தனம்!

கிளப்பின் சாவுக்குக் கடனைக் காரணமாகச் சொல்வார்கள். நான் 1966-ஐச் சொல்வேன். அதன்பின் அடுத்தவர் மைதானத்தில் வாடகைக்கு இருப்பவரின் வரவுசெலவு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது: கூட்டம் வந்தாலும் லாபத்தில் பெரும்பங்கு வீட்டுக்காரருக்கு.

நடுவில் நல்ல காலமே வரவில்லையா?

வந்தது. 1979 ஜூலை 28-ல் வேவர்லி மைதானத்தில் மெல்பர்ன் அணிக்கு எதிராக 36.22 (238). மெல்பர்ன் எடுத்தது 6.12 (48). வித்தியாசம் 190 புள்ளிகள். லீக்கின் சாதனையாக அது இன்றும் நிற்கிறது.

பெர்னி குவின்லன், கேரி வில்சன், பால் ரூஸ் எனப் பேர் சொல்லும் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். குவின்லன் உதைத்தால் பந்து ஊரைத் தாண்டும் என்பார்கள். 1981-ல் பிரவுன்லோவைப் பகிர்ந்துகொண்டார், 1983-ல் 116 கோலும் 1984-ல் 105 கோலும் அடித்தார். 1986-ல் டேவிட் பார்கின் பயிற்சியில், மிக் கான்லன் கடைசி நேரத்தில் அடித்த கோலால் எஸ்ஸெண்டனை ஒரு புள்ளியில் வெளியேற்றி, இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி கீழே வரை போனார்கள். உள்ளே கஜானா காலியாகிக்கொண்டிருந்த ஆண்டும் அதுதான்.

1996-ல் நடந்தது என்ன?

சுருக்கமாகச் சொன்னால் கடன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லாரும் அரைகுறையாகச் சொல்கிறார்கள்.

1980-களில் வி.எஃப்.எல். மெல்பர்னை விட்டுத் தேசிய லீக்காக விரியத் தொடங்கியது, 1990-ல் ஏ.எஃப்.எல். என்று பெயரும் மாறியது. சம்பளம் ஏறியது. மெல்பர்னில் கிளப்புகள் அதிகம், சிலவற்றை இணைக்க வேண்டும் என்ற எண்ணம் நிர்வாகத்தில் வலுத்தது. 1989-ல் ஃபிட்ஸ்ராயையும் ஃபுட்ஸ்கிரேயையும் இணைத்து ஃபிட்ஸ்ராய் புல்டாக்ஸ் என்று ஒன்றை அறிவித்தேவிட்டார்கள். ஃபுட்ஸ்கிரே ரசிகர்கள் தெருத்தெருவாக வசூல் செய்து தங்கள் கிளப்பைக் காப்பாற்றிக்கொள்ள, திட்டம் கலைந்தது.

பிறகு ஃபிட்ஸ்ராய் ஒரு விசித்திரமான இடத்தில் கடன் வாங்கியது. பசிபிக் கடலின் நவூரு தீவு, பாஸ்பேட் விற்றுப் பணம் பார்த்த குட்டி நாடு. அதன் தேசிய ஆட்டமே ஆஸ்திரேலியக் கால்பந்துதான். நவூரு இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுத்தது 12.5 லட்சம் டாலர். இன்றைய ஏ.எஃப்.எல். கணக்கில் ஒரு நட்சத்திர ஆட்டக்காரரின் ஓராண்டுச் சம்பளம்.

1996-ல், இணையும் கிளப்புகளுக்கு 60 லட்சம் டாலர் என்று ஏ.எஃப்.எல். ஆசை காட்டியது. ஃபிட்ஸ்ராய் வடக்கு மெல்பர்னோடு பேசி ஏறத்தாழ முடித்துவிட்டது. அந்த நேரத்தில் நவூரு கடனைத் திருப்பிக் கேட்டது. ஜூன் கடைசியில் நிர்வாகி ஒருவர் நியமிக்கப்பட்டு, முடிவெடுக்கும் அதிகாரம் கிளப்பின் இயக்குநர்கள் கையைவிட்டுப் போயிற்று. வடக்கு மெல்பர்ன் அப்போதே பலமான அணி, அந்த ஆண்டே பட்டமும் வென்றது. அதோடு ஃபிட்ஸ்ராய் ஆட்டக்காரர்களும் சேர்ந்தால் என்னாகும் என்று மற்ற கிளப்புகள் பயந்தன. ஜூலை 4 அன்று அவை ஆதரித்தது பிரிஸ்பேன் பேர்ஸ் அணியோடு இணைப்பதை. 1,700 கிலோமீட்டருக்கு அப்பால்.

பருவத்தில் இன்னும் ஆட்டங்கள் மிச்சம். அந்த ஆண்டு ஒரே ஒரு வெற்றி, ஃப்ரிமேண்டிலுக்கு எதிராக. ஆகஸ்ட் 25-ல் எம்.சி.ஜி. எனும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில், மெல்பர்ன் நகருக்கு விடைகொடுத்த ஆட்டத்தில் ரிச்மண்டிடம் 151 புள்ளியில் தோல்வி. செப்டம்பர் 1-ல் பெர்த்தில் அதே ஃப்ரிமேண்டிலிடம் 86 புள்ளியில் தோல்வி. அத்தோடு லீக்கில் ஃபிட்ஸ்ராய் முடிந்தது.

அப்படியானால் அந்த இணைப்பில் உருவான பிரிஸ்பேன் லயன்ஸ்தான் ஃபிட்ஸ்ராயா?

குடும்பத்துக்குள்ளேயே அடிதடி நடக்கும் கேள்வி. ஒப்பந்தப்படி பிரிஸ்பேனுக்குப் போனவை கால்பந்து நடவடிக்கைகள், எட்டு ஆட்டக்காரர்கள், கிளப்பின் சிங்கச் சின்னம், நிறங்கள், கிளப் பாட்டின் மெட்டு. புதிய கிளப்பின் பதிவுப் பெயர் பிரிஸ்பேன் பேர்ஸ்–ஃபிட்ஸ்ராய் கால்பந்து கிளப். 2001, 2002, 2003 என்று மூன்று பட்டம் தொடர்ந்து வந்தபோது பழைய ரசிகர்களில் பலர் மனம் இளகினார்கள். 2024, 2025-லும் வென்றிருக்கிறார்கள். மெல்பர்னில் அவர்கள் ஆடும்போது ஃபிட்ஸ்ராயின் ஜம்பர், அதாவது அணிச் சட்டை, அணிந்த தாத்தாக்களைப் பார்க்கலாம். வேறு சிலர் வடக்கு மெல்பர்னுக்கோ மற்ற அணிகளுக்கோ போனார்கள். ஃபுட்டி பார்ப்பதையே நிறுத்தியவர்களும் உண்டு.

இதை இணைப்பு என்று சொல்வது பெருந்தன்மை என்றே எனக்குப் படுகிறது, வாங்கிக்கொண்டார்கள். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. பிரிஸ்பேன் 2009 இறுதியில் பழைய ஃபிட்ஸ்ராய்ச் சிங்கத்தை மாற்றிப் புதுச் சின்னம் அறிவித்தபோது, ஒப்பந்தத்தை மீறுகிறீர்கள் என்று விக்டோரியாவின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது யார்? ஃபிட்ஸ்ராய் கால்பந்து கிளப். இரண்டும் ஒன்றே என்றால் ஒன்று மற்றொன்றின்மேல் வழக்குப் போட முடியாது. 2010-ல் சமரசம் ஆயிற்று.

1996-க்கும் 2009-க்கும் இடையில் கிளப் என்ன செய்தது?

1998-ல் நிர்வாகியின் பிடியிலிருந்து வெளியே வந்தது. அணி இல்லை, மைதானம் இல்லை, ஆனால் பங்குதாரர்கள் இருந்தார்கள். கலைத்துவிடலாம் என்ற பேச்சை அவர்கள் ஏற்கவில்லை. கோபர்க் கிளப்புக்குச் சில காலம் ஆதரவு கொடுத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை.

இதற்கிடையே பிரன்ஸ்விக் தெரு ஓவலில் ஓர் அமெச்சூர் அணி ஆடிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக ரெட்ஸ் என்று தொடங்கி, ஃபிட்ஸ்ராய் ரெட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட கிளப். அவர்களிடம் அணியும் மைதானமும் அமெச்சூர் சங்கத்தில் இடமும் இருந்தன; இவர்களிடம் பெயரும் வரலாறும் இருந்தன. 2008 இறுதியில் இரண்டும் சேர்ந்தன. ரெட்ஸ் தங்கள் அடையாளத்தை விட்டுக்கொடுத்ததைப் பலரும் குறிப்பிடுவதில்லை. அவர்களுக்கும் ஒரு வரலாறு இருந்தது.

2009-க்குப் பிறகு எப்படிப் போகிறது?

கீழ்ப் பிரிவுகளில் ஒன்றான டி1-ல் ஆரம்பித்து மேல் பிரிவுகளுக்கு ஏறி வந்திருக்கிறார்கள். சங்கம் 2017-ல் பெண்கள் போட்டியைத் தொடங்கியபின், ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பெண்கள் அணியும் வைத்திருக்கிறார்கள். பேட்டையின் இன்றைய முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஆட்டங்களுக்குப் போங்கள்.

கிளப் பாட்டின் மெட்டு எங்கோ கேட்டது போல இருக்கிறதே?

பிரெஞ்சு தேசிய கீதத்தின் மெட்டு. 1952-ல் பெர்த்துக்கு ரயிலில் போகும்போது பில் ஸ்டீபனும் உடன் ஆடியவர்களும் சேர்ந்து சொற்களைக் கட்டினார்கள். பிரிஸ்பேன் அதே மெட்டில் வேறு வரிகளைப் பாடுகிறது. பழைய வரிகளைக் கேட்க வேண்டுமானால் பிரன்ஸ்விக் தெரு ஓவலுக்குத்தான் வர வேண்டும், அதுவும் ஃபிட்ஸ்ராய் வென்ற நாளாகப் பார்த்து.

ஆட்டம் பார்க்கப் போவது எப்படி?

பருவம் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, பெரும்பாலும் சனிக்கிழமை மதியம். நகர மையத்தில் காலின்ஸ் தெருவில் 11-ம் எண் டிராம் ஏறினால் பிரன்ஸ்விக் தெரு வழியாகவே போகும். பூங்காவின் மரங்கள் தெரியும்போது இறங்குங்கள். ஆட்டம் நான்கு கால் பகுதிகளாக நடக்கும். முதன்மை அணிக்கு முன்னால் இரண்டாம் அணி ஆடும், அதையும் விட்டுவிடாதீர்கள். ஜூலையில் போனால் கம்பளிச் சட்டை அவசியம், மெல்பர்ன் குளிர் எலும்பைத் தொடும். இடைவேளையில் வேலியைத் தாண்டிக் களத்துக்குள் போய்ப் பயிற்சியாளர் திட்டுவதைப் பக்கத்தில் நின்று கேட்கலாம், பிள்ளைகள் பந்து உதைத்து விளையாடலாம். தேசிய லீக்கில் கனவிலும் நடக்காதது இது. நடுவரைத் திட்டாதீர்கள், சங்கம் அதைக் கடுமையாகவே பார்க்கிறது. பசித்தால் கேன்டீனில் மீட் பை எனும் இறைச்சிப் பண்டம் கிடைக்கும். அங்கே நிற்பவர்களும் சம்பளம் வாங்காதவர்கள்தான், அதனால் வரிசை மெதுவாகத்தான் நகரும்.